பச்சைத் துண்டு விரித்த கல்

நம் வயசுப் பெண்களுக்குச் சொல்கிறேன். பெரியவர்கள் பேசும்போது சுவரோடு சுவராக நின்று, பாதியைக் கேட்டு, மீதியை நாமே இட்டுக்கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். எது கேட்டது, எது நான் சேர்த்தது என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயசு முடிந்திருந்தது. அஞ்சாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். பூந்தமல்லியில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. முன்பக்கம் அத்தாவின், அதாவது என் அப்பாவின், மெத்தைக் கடை, பின்பக்கம் நாங்கள். வீட்டில் எதை எடுத்தாலும் அதில் பஞ்சு ஒட்டியிருக்கும். தண்ணீர்ப் பானை மூடியில், என் ரெட்டைச் சடையில், சில நாள் குழம்பில்கூட. அத்தா கையால் பஞ்சு கொட்டுகிறவர். ஆள் உயரத்துக்கு ஒரு வில் வைத்திருப்பார். அதன் நரம்பை மரக்கட்டையால் தட்டினால் ஙொய்ங் என்று ஒரு சத்தம் வரும், கட்டியாகக் கிடக்கும் பழைய பஞ்சு துள்ளித் துள்ளிப் பூவாகும்.

அம்மா பேச்சை விட்டது அந்த வருஷம்தான். ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் அது அழவில்லை. நர்ஸம்மா காலைப் பிடித்துத் தட்டிப் பார்த்தும் அழவில்லையாம், மூச்சே இல்லையாம். அது அழாததால் தானும் வாய் திறக்கக் கூடாது என்று அம்மா நினைத்துக்கொண்டாளோ என்னவோ. அரிசி களைவாள், பாத்திரம் கழுவுவாள், வைத்ததைச் சாப்பிடுவாள். பேச்சு மட்டும் இல்லை. அப்படியே ஐந்து மாதம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கிவிட்டுத் தூங்கினாள், எழுந்து மறுபடியும் பேசாமல் இருந்தாள்.

எங்களோடு மாமி இருந்தாள். அத்தாவின் அக்கா. நாங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவளை மாமி என்றுதான் கூப்பிடுவோம். புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். அரிசி டப்பா சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். கோவளத்து தர்காவில் நாற்பது நாள் தங்கினால் சரியாகிவிடும் என்று சொன்னது அவள்தான். அதே சமயம் கோவளம் கடற்கரையில் இருந்த ஒரு பெரிய ஓட்டலில் பழைய மெத்தைகளையும் தலையணைகளையும் பிரித்துத் தைக்கும் வேலை அத்தாவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததே நல்ல சகுனம் என்று மாமி சொன்னாள். ஸ்கூல் திறப்பதற்குள் வந்துவிடலாம் என்று அத்தா என்னிடம் சொன்னார். லீவில் கடல் பார்க்கப் போகிறோம் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

குமணன்சாவடியில் பஸ் ஏறினோம். வில்லைப் பார்த்ததும் கண்டக்டர் வாசலை மறித்துக்கொண்டார்.

"இன்னா பாய், வில்லத் தூக்கிகினு எந்த ராஜாகிட்ட சண்டைக்குப் போற?"

"பஞ்சுகிட்டதான் அண்ணாத்தே. ஓரமா வெச்சிக்கிறேன்."

"அதுக்கும் ஒரு டிக்கெட் வாங்கு."

"அது ஒக்காராது அண்ணாத்தே. நின்னுகினே வரும்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மாமி என் தொடையில் கிள்ளினாள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாரிமுனையில் இறங்கி வேறு பஸ் மாறி, கேளம்பாக்கம் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கடல் தெரிவதற்கு முன்னாலேயே கருவாட்டு வாசனை வந்தது. அதற்குள்ளிருந்து சாம்பிராணி வாசனையும் வந்தது. இன்றைக்கும் இந்த இரண்டு வாசனையும் சேர்ந்து அடித்தால் நடந்துகொண்டிருப்பவள் நின்றுவிடுவேன். பயமா, சந்தோஷமா என்று சொல்லத் தெரியாது.

தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தோம். மண் தரை, நடுவில் ஒரு சாக்குத் திரை. காலையிலும் மாலையிலும் மாமி அம்மாவைக் கைப்பிடித்து தர்காவுக்குக் கூட்டிப் போவாள். உள்ளே அடங்கியிருக்கும் அவுலியாவின் கபர், அந்த மகானின் சமாதி, அதன் மேல் பச்சைப் பட்டுப் போர்வை விரித்திருக்கும். ஜனங்கள் அதன் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கை ரெண்டையும் ஏந்தி துஆ கேட்பார்கள். வாசலில் இடுப்பில் ஒரு முழத் துண்டோடு ஒரு பக்கிரி உட்கார்ந்திருப்பார். பெரிய பெரிய மனுஷர்கள் குனிந்து அவர் கையை முத்தமிடுவார்கள். அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். உடம்பில் துணி குறைந்தால் மதிப்பு கூடும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பகலில் அத்தாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. தூக்குச் சட்டியோடு மணலில் கால் சுடச்சுட நடந்து ஓட்டலின் பின்கேட்டுக்குப் போவேன். அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தார். தினமும் சட்டியைத் திறந்து மோந்து பார்ப்பார்.

"இன்னா பாப்பா, இன்னிக்கும் கத்திரிக்காவா? கடலாண்ட வந்து கத்திரிக்கா துன்றது உங்க அத்தா ஒருத்தர்தான்."

 தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். அப்போதே எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. வெள்ளை அடித்த சின்னச் சின்ன வீடுகள், நடுவில் புல், புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு குளிக்கத் தனியாக ஒரு தொட்டி கட்டி வைத்திருந்தார்கள். அது ஏன் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

வெயில் காலம் என்பதால் அங்கே தங்கியிருந்தவர்கள் ரொம்பக் குறைவு. அத்தா ஒரு சவுக்கு மரத்தடியில் பாய் விரித்துப் பஞ்சு கொட்டுவார். குளிக்கிற உடுப்போடு யாராவது அந்த வழியாகப் போனால் அவர் தலை தானாகக் குனிந்துகொள்ளும். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

"பாப்பா, அவங்க போனா நீயும் கீழ பாரு. அவங்க வழக்கம் அவங்களுக்கு. நம்ம கண்ணு நம்ம கைல."

நான் கீழே பார்ப்பது போல இருந்துகொண்டு மேலே பார்ப்பேன்.

சவுக்கு மரத்துக்குப் பின்னால், கடலை ஒட்டி, இடிந்த சுவர் ஒன்று இருந்தது. சாதாரணச் சுவர் இல்லை. நான் குறுக்கே படுத்தாலும் இடம் மிச்சமிருக்கும், அவ்வளவு கனம். செங்கல் உதிர்ந்து, உப்பு பூத்து, அடியில் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் நீளமாக ஒரு கல் கிடந்தது. ஒரு ஆள் நீட்டிப் படுத்த அளவு. மேலே எழுத்து வெட்டியிருந்தது. தமிழும் இல்லை, அரபியும் இல்லை. பாதி தேய்ந்திருந்தது.

அந்தக் கல் மேல் தினமும் ஒரு வெள்ளைக்காரம்மா வந்து உட்காருவாள். வயசு சொல்லத் தெரியவில்லை. முடி வெளுத்திருந்தது, ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு எப்போதுமே முடி வெளுத்துத்தானே இருக்கும். முதலில் ஒரு பெரிய துண்டை எடுத்துக் கல்லின் மேல் சுருக்கம் இல்லாமல் விரிப்பாள். பச்சைத் துண்டு. அப்புறம் அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, உள்ளங்கை ரெண்டையும் மேல் பார்க்க முழங்காலில் வைத்துக்கொள்வாள். ரொம்ப நேரம் அசைய மாட்டாள். உடம்பில் துணி கொஞ்சம்தான்.

நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீளக் கல், எழுத்து, பச்சைப் போர்வை, ஏந்திய கை. ஆம்பளைப் பக்கிரிக்குத் துணி குறைந்தால் தப்பில்லை என்றால் பொம்பளைப் பக்கிரிக்கும் இருக்காது என்று என் கணக்கு. இப்போது நினைத்தால் காது சூடாகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வாட்ச்மேனிடம் மட்டும் எப்படியோ வாயைத் திறந்து கேட்டேன்.

"அந்தக் கல்லு யாருது?"

"அதுவா? அந்தக் காலத்துப் பெரிய ஆளுங்க யாரோ. கிட்டப் போயி கை வெச்சிடாதே. கல்லு உருண்டா மேனேஜர் என் வேலைய உருட்டிடுவாரு."

பெரிய ஆள், கை வைக்கக் கூடாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

முப்பது நாள் ஆனது. அம்மா பேசவில்லை. ஒரு மத்தியானம் நான் சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு மாமி அத்தாவிடம் பேசினாள். அம்மா வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று மாமிக்கு நினைப்பு.

"நாப்பது முடியட்டும் தம்பி. அப்பவும் வாயத் தொறக்கலன்னா அவள அவங்க அம்மா ஊட்ல உட்டுட்டு வந்துடு. குமணன்சாவடில ஒரு பொண்ணு கீது. நல்லா தையல் போடும். உனக்கும் கூடமாட ஆவும்."

"இப்ப இன்னாத்துக்கு அக்கா அந்தப் பேச்சு?"

"எப்பப் பேசறது? உனக்கு ஒரு ஆம்பளப் புள்ள வாணாவா? ஊமையா கீறவள வெச்சிகினு எத்தினி நாளு இருப்ப?"

 வேண்டாம் என்று அத்தா சொல்லுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் பீடியைப் பற்றவைக்கும் சத்தம்தான் கேட்டது. அத்தா சரி என்று சொல்லவில்லையே என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.

அம்மாவை விட்டுவிட்டு வந்துவிட்டால் நான் எந்த வீட்டில் இருப்பேன் என்று அதில் யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மாமியோடு தர்காவுக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் அவுலியா யார் குறையை முதலில் பார்ப்பார் என்று தோன்றியது. பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்பது போலத்தானே. ஓட்டல் கல்லில் கூட்டம் இல்லை. ஒரே ஒரு ஆள்தான்.

"மாமி, வேண்டிக்கினா இன்னா குடுக்கணும்?"

"வெறுங்கையோட போவக் கூடாது. உங்கிட்ட எது பெரிசோ அதக் குடுக்கணும். வாணாத சாமான குடுக்கறதுக்கு அது இன்னா பழைய இரும்புக் கடையா?"

எங்கள் வீட்டில் எது பெரிசு என்று எனக்குத் தெரியும். அம்மாவின் வளையல், தோடு எல்லாம் வைத்தியத்துக்குப் போனபோது மாமி ஒன்றை மட்டும் தொடவிடவில்லை. கருகமணி. எங்கள் வீடுகளில் நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் சகோதரி பெண் கழுத்தில் கட்டிவிடும் கறுப்பு மணிச் சரம். அம்மாவுக்குக் கட்டியது மாமி. புருஷன் இருக்கும்வரை அது கழுத்தை விட்டு இறங்கக் கூடாது. குளிக்கும்போது மட்டும் கழற்றி, கொட்டகைக் கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் முனையில் மாட்டுவாள் அம்மா. பேச்சு போன பிறகு எடுத்துப் போட்டுக்கொள்ள மறந்துவிடுவாள். மாமிதான் எடுத்துப் போட்டுவிடுவாள்.

நாற்பதுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அன்று காலை மாமி மட்டும் சீக்கிரமே தர்காவுக்குப் போய்விட்டாள், மத்தியானம் வரை திரும்பவில்லை. அம்மா குளித்துவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூங்கிலில் மணி தொங்கியது. எடுத்தேன். ஈரமாக இருந்தது. பாவாடையில் முடிந்துகொண்டேன். தனியாக விட்டுப் போகக் கூடாது என்பதால் அம்மாவையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு சோறு கொண்டுபோனேன். அம்மா போய்ப் பஞ்சுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் செய்வது போல அதற்குள் கையை விட்டுக்கொண்டாள். அத்தாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். அவர் சாப்பிடும்போது நான் நழுவிச் சுவர்ப் பக்கம் போனேன்.

துண்டு விரித்திருந்தது. வெள்ளைக்காரம்மா தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். துண்டின் ஓரத்தைத் தூக்கி, கல்லின் எழுத்து மேல் மணியை வைத்து மூடினேன். கையை ஏந்தினேன். அரபியில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதைச் சொன்னேன். மிச்சத்தைத் தமிழில் கேட்டேன். அம்மா பேசணும். எதுவா இருந்தாலும் சரி. ஒரு வார்த்தை பேசணும்.

இன்னும் யோசித்துக் கேட்டிருக்கலாம். பத்து வயசு.

சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் அம்மாவுக்குத் தலைவாரும்போது மாமி பார்த்துவிட்டாள். சீப்பு கீழே விழுந்தது.

"எங்கடி மணி?"

அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மூங்கிலைப் பார்த்தாள்.

"தம்பி, இங்க வா. உம் பொண்டாட்டி கழுத்தப் பாரு. புருசன் உசுரோட எதிர்ல நிக்கிறான், இவ மொட்டக் கழுத்தோட கீறா. இது இன்னாத்துக்கு அடையாளம், உனக்குத் தெரியாதா?"

அத்தா பாயைத் தூக்கிப் பார்த்தார், மண்ணைக் கிளறினார், சட்டி பானையெல்லாம் நகர்த்தினார். அப்புறம் ஒரு யோசனை வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மத்தியானம் பஞ்சுல கைய உட்டுகினு இருந்தா. அதோட அவுந்து விழுந்திருக்கும். உள்ள வெச்சித் தெச்சிட்டேன் போல."

சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். வாய் வரவில்லை. கொடுத்த நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்று ஒரு பக்கம். மாமியின் கை இன்னொரு பக்கம். எது பெரிய பயமாக இருந்தது என்று இப்போது எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அத்தா ஓட்டலுக்குப் போனார். அம்மாவை முந்தின நாள் உட்கார்ந்த இடத்திலேயே உட்காரவைத்தார். தைத்து முடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மூன்று மெத்தைகளை இழுத்துப் போட்டு, ஓரத் தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கெல்லிப் பிரித்தார். அத்தாவின் தையல் நெருக்கமாக இருக்கும். அவரே போட்ட தையலைப் பிரிக்க அவருக்கே கஷ்டமாக இருந்தது. உள்ளே இருந்த பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து விரல்களுக்கு நடுவில் கோதிக் கோதிப் பார்த்தார். காற்றில் பஞ்சு பறந்து அவர் தாடி முழுக்க ஒட்டிக்கொண்டது.

வாட்ச்மேன் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா பாய், நேத்து தெச்சத இன்னிக்குப் பிரிக்கிற?"

"ஒரு பொருள் தேடறேன் நைனா."

"மேனேஜர் பாத்தாரு, உன்னையும் உள்ள வெச்சித் தெச்சிடுவாரு. சீக்கிரம் தேடு."

முதல் மெத்தையில் இல்லை. இரண்டாவதில் பாதி வந்திருந்தார். நான் மரத்தில் சாய்ந்து நின்றேன். என் வாயிலும் யாரோ பஞ்சை வைத்து அமுக்கியது போல இருந்தது.

அப்போது கடல் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரம்மா வந்தாள். ஈரத் தலை, தோளில் பச்சைத் துண்டு, வெறுங்கால். கழுத்தில் அம்மாவின் கருகமணி.

அவள் நேராக என்னிடம் வந்தாள். என்னைத் தினமும் சுவர் ஓரத்தில் பார்த்திருப்பாள் போல. மணியைத் தொட்டுக் காட்டினாள், என்னைக் காட்டினாள், நெஞ்சில் கை வைத்து என்னவோ சொன்னாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். தர்காவில் துஆ முடிந்ததும் எல்லாருக்கும் சீரணி கொடுப்பார்களே, சர்க்கரையோ பழமோ, அதுதான் என்று நான் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். காணிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்று தோன்றியது. அதே நேரம் அத்தா நிமிர்ந்து பார்த்துவிடுவாரோ என்றும் இருந்தது. ரெண்டும் ஒன்றாக.

அத்தாவுக்கும் அவளுக்கும் நடுவில் ரெண்டு முழம் இருக்கும். அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அவள் பாதம் மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கும். தேடிக்கொண்டிருந்த மணி அவர் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பஞ்சுக்குள் கையை விட்டபடி, அவள் போகட்டும் என்று காத்திருந்தார். நல்ல மனுஷன். அவள் புல் மேல் நடந்து வெள்ளை வீட்டுக்குள் போன பிறகுதான் நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் மறுபடி தேட ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு அந்த வழக்கம் இல்லை. அவள் பார்த்தாள். வந்தவள் கழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த ஆரஞ்சைப் பார்த்தாள். நான் பாவாடையை நனைத்துவிட்டேனோ என்றுகூட எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

"தேடாதீங்க," என்றாள் அம்மா. "நான்தான் கடல்ல போட்டேன்."

குரல் கரகரத்து வந்தது. யார் பேசியது என்று எனக்கே முதலில் தெரியவில்லை. அத்தாவின் கை பஞ்சுக்குள் அப்படியே நின்றது.

"இன்னா சொன்ன?"

"கடல்ல போட்டேன்."

"இன்னொரு தபா சொல்லு."

"கடல்ல போட்டேங்க. தேடாதீங்க."

நிக்காஹ்வில் பெண்ணிடம் மூன்று தடவை சம்மதம் கேட்பார்களே, அப்படி அவர் கேட்டார், அவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவர் காதில் ஏறியதா என்றே தெரியவில்லை. குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சு ஒட்டிய தாடியோடு அழுதார். பிரித்த மெத்தையை அப்படியே போட்டுவிட்டு, "அக்கா, பேசிட்டா, பேசிட்டா" என்று கொட்டகைக்கு ஓடினார்.

நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். ஆரஞ்சை அவளிடம் நீட்டினேன். அவள் எதுவும் கேட்கவில்லை. உரித்து, பாதியைத் தான் தின்றாள். பாதியை என்னிடம் கொடுத்தாள். புளித்தது.

மாமி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சந்தோஷப்படுவாள் என்று அத்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசம் கழிச்சி வாயத் தொறந்தாளே, அதுல வந்த மொத வார்த்த இதா? நான் என் கையால கட்டி உட்ட மணி தம்பி அது."

"அக்கா, அவ பேசிட்டா. அத மட்டும் பாரு."

"நீ அத மட்டும் பாரு. நான் ரெண்டையும் பாக்கறேன்."

குமணன்சாவடிப் பெண் பேச்சு அதோடு நின்றது. நாற்பது நாள் முடிந்து, தர்காவில் சீரணி கொடுத்துவிட்டு, வில்லைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குத் திரும்பினோம். அத்தா ஒரு புதுக் கருகமணி வாங்கி வந்து மாமி முன்னால் வைத்தார். கட்ட வேண்டியவள் அவள்தான். அவள் அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

"நாளைக்கு இதையும் கடல்ல போடறதுக்கா?"

அம்மா கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அந்த மணி ஒரு பவுடர் டப்பாவில் கிடந்து, வருஷக்கணக்கில் நூல் இற்று உதிர்ந்துபோனது. அம்மா வெறுங்கழுத்தோடு இருந்தாள். கல்யாண வீடுகளில் தெரியாதவர்கள் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அவரு எப்பம்மா மவுத்தானாரு?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். பக்கத்துப் பந்தியில் அத்தா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா முக்காட்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வாள். அப்புறம் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

நாங்கள் திரும்பியபோது ஸ்கூல் திறந்திருந்தது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அத்தா கிளம்பினார். மாமி மறித்தாள். "இவ ஊட்ல இருந்து அவளப் பாத்துக்கட்டும். இன்னொரு தபா எதையாச்சும் எடுத்துப் போட்டுட்டா?" அத்தா செருப்பைக் கழற்றிவிட்டார். அப்படித்தான் என் படிப்பு முடிந்தது. நான் எடுத்ததற்கு அம்மாவைக் காவல் காக்க என்னையே உட்காரவைத்தார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆகி அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்துக்கு வந்தேன். தொண்ணூறுகளில் ஒரு தடவை என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையில் குடும்பங்களையெல்லாம் வேனில் மகாபலிபுரம் கூட்டிப்போனார்கள். எல்லாரும் கற்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யானைக் கல், தேர்க் கல், கடலுக்குள் பாதி கோயில். நான் ஒவ்வொரு கல்லையும் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பும் வழியில் கோவளத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அந்த ஓட்டலுக்கு இப்போது உயரமாக மதில். அங்கே பழைய கோட்டை ஒன்று இருந்ததாம், கடல் வழியாக வந்த வெள்ளைக்காரர்கள் வசம் இருந்து இடிந்துபோனதாம் என்று வேன் டிரைவர் சொன்னார். நான் வேண்டிக்கொண்ட கல்லுக்கடியில் யாராவது இருந்தார்களா, அல்லது அது வாசல்படிக் கல்லா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆனால் கேட்டது கிடைத்தது. ஒரு வார்த்தை, எதுவாக இருந்தாலும் சரி என்றுதானே கேட்டேன். யார் கொடுத்தது என்பதில்தான் எனக்கு இன்னமும் குழப்பம்.

அதற்கு ரெண்டு வருஷம் கழித்து அத்தா இறந்தார். மையத்தை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தோம். வளையலைக் கழற்றினார்கள். கருகமணியைக் கழற்ற வேண்டும். அதையும் கட்டியவள்தான் செய்ய வேண்டும் என்று யாரோ மாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். மாமிக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. நினைவும் போய்ப்போய் வரும். அம்மாவின் கழுத்தைத் தடவினாள். முன்னால் தடவினாள், பின்னால் தடவினாள்.

"எங்கடி மணி? எங்க வெச்ச?"

இத்தனை வருஷம் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தவள், அதையே மறந்துவிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மாமியின் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"எம் பொண்ணு எப்பவோ பத்திரமான எடத்துல வெச்சிட்டாக்கா."

மாமி தலையை ஆட்டினாள். "அப்ப சரி," என்றாள்.

 சொல்லிவிட வேண்டும், இத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னாள்.

"நீ சும்மா இருடி. பேசாம கீறது ஒண்ணும் நோவு இல்ல. நானும் இருந்து பாத்தவதானே."